ஆழம் என்ற கட்டம்: கல்மண் சரிவில் ஐந்து நாள்

முதல் நாள்

இன்று மூன்று முறை சறுக்கினேன். மூன்றும் ஒரே மாதிரி. மெத்தை போலக் கிடக்கும் சருகில் காலை வைப்பேன், அடியிலிருக்கும் தட்டைக்கல் நழுவும், பொத்தென்று உட்கார்ந்துவிடுவேன். மூன்றாவது முறை எழவே இல்லை. உட்கார்ந்த இடத்திலேயே சருகை விலக்கிப் பார்த்தேன். மேலே முழு இலைகள். அதற்குக் கீழே நரம்பு மட்டும் மிஞ்சிய இலைகள். அதற்கும் கீழே கறுத்த பொடி, நடுநடுவே வெள்ளை நூலாகப் பூஞ்சை. எல்லாம் சேர்ந்து நாலு விரல் கனம் இருக்கும். இனி மண் வரும் என்று விரலை விட்டால் கல் தட்டியது. கல்லுக்கும் கல்லுக்கும் இடையே இருந்ததுதான் மண்.

"என்னடா, தியானமா?" என்று மேலேயிருந்து அக்கா கேட்டார்.

அக்காவுக்கு மண் அளவை செய்வது வேலை. கல்லூரியில் எனக்கு மூத்தவர். இந்தப் பயணத்தில் என் வேலை வாளி சுமப்பது, எழுதிக்கொள்வது, அவ்வப்போது விழுவது. வழி காட்ட ஓர் அண்ணன் வந்திருக்கிறார். அவர் ஒருமுறைகூடச் சறுக்கவில்லை. மலையின் பெயரை எழுதப் போவதில்லை. காடு மூடிய செங்குத்துச் சரிவு எங்கே இருந்தாலும் அங்கேயும் ஏறக்குறைய இதே கதைதான் என்று அக்கா சொல்கிறார்.

அக்கா சாய்வுமானியில் பார்த்துச் சொன்ன கோணம் 35 பாகை, சதவீதத்தில் 70. நூறு சதவீதச் சரிவு என்றால் சுவர் மாதிரி நிமிர்ந்து நிற்கும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அது 45 பாகைதானாம். உடைந்த கல்லைக் குவித்தால் குவியல் தானாக நிற்கும் கோணமும் 35 பாகையை ஒட்டியேதான் இருக்கும். அப்படியென்றால் நான் உட்கார்ந்திருந்த இடம் முழுக்க விழலாமா வேண்டாமா என்ற எல்லையில் நின்றுகொண்டிருக்கிறது. மூலை முடுக்குள்ள கற்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்வது, வேர் கட்டிப் பிடிப்பது, லேசான ஈரம் மண் துகள்களை ஒட்டவைப்பது, இந்த மூன்றும்தான் அதைத் தாங்குகின்றன.

இடத்தைத் தேர்ந்ததும் அக்கா ஒரு படிவத்தை நீட்டினார். சாய்வு, திசை, உயரம் எல்லாம் எழுதியாயிற்று. ஐந்தாவது கட்டம்: மண்ணின் ஆழம், சென்டிமீட்டரில். இரும்புக் கம்பியை ஐந்து இடத்தில் இறக்கினேன். 8, 31, 12, 45, 20. எல்லாம் கைக்கு எட்டும் தூரத்துக்குள். ஒவ்வோர் இடத்திலும் கம்பி கல்லில் முட்டி நின்றது. அது தனிக்கல்லா, மலையின் பாறையா என்று கம்பிக்குத் தெரியாது. அண்ணன் காதை வைத்துக் கேட்டார். தனிக்கல் என்றால் 'டொக்' என்று அடங்கிவிடுமாம், பாறை என்றால் 'ணங்' என்று கையில் அதிருமாம். ஐந்தில் மூன்று டொக், ஒன்று ணங், ஒன்றில் அவருக்கே சந்தேகம்.

கட்டத்தைக் காலியாக விட்டேன்.

இரண்டாம் நாள்

இன்று முழுக்கக் குழி. படிக்கிறவர்களுக்கு அலுப்பாக இருக்கலாம். எனக்கு இந்தப் பயணத்தில் பிடித்த நாள் இதுதான்.

சமவெளியில் மண் மாதிரி எடுப்பது சுலபம். ஒரு குழாயை அடித்து இறக்கி உருவினால் வேலை முடிந்தது. இங்கே குழாய் முதல் கல்லிலேயே வாய் மடங்கிவிடும். கல் இல்லாத சந்தாகப் பார்த்து இறக்கலாம்தான். ஆனால் அப்படி எடுத்த மாதிரி கல்லே இல்லாத ஒரு பொய்மண்ணைக் காட்டும். அதனால் சதுரச் சட்டம் ஒன்றைத் தரையில் வைத்துத் தோண்டி, வெளியே வருவதையெல்லாம் எடைபோட வேண்டும். வட அமெரிக்காவில் ஹப்பர்ட் புரூக் காட்டின் கல்மண்ணிலும் இப்படி அளவுக்குழி தோண்டித்தான் கணக்கெடுத்தார்கள். எங்கள் சட்டம் 50க்கு 50 சென்டிமீட்டர். 50 ஆழம் போனால் 125 லிட்டர்.

மேல் பக்கமாக நிற்கக் கூடாது, தோண்டிய மண்ணை மேல் பக்கம் போடக் கூடாது, கீழே ஆள் இருக்கவே கூடாது என்று மூன்று கட்டளைகள். கடப்பாரையால் ஒரு கல்லை நெம்பினால் மேலே உள்ள இரண்டு கல் இறங்கி அந்த இடத்தை எடுத்துக்கொள்ளும். குழியின் மேல்சுவர் மூன்று முறை சரிந்தது. தேங்காயளவுக் கல் ஒன்று என் கையிலிருந்து நழுவிப் புதருக்குள் உருண்டு போனது. அது போய் நிற்கும் சத்தம் கேட்க வெகுநேரம் ஆயிற்று. அண்ணன் இறங்கிப் போய் அதை எடுத்துவந்தார். எடைக்கணக்கில் ஒரு கல்கூட விடுபடக் கூடாது என்று அக்கா அவ்வளவு கறார்.

கற்கள் எல்லாமே முனை மழுங்காதவை. நம் மொழியில் 'கூழாங்கல்' என்று ஒரு சொல் இருக்கிறதே, அந்த உருண்டை இங்கே ஒன்றுகூட இல்லை. நீர் உருட்டினால்தான் கூழாங்கல் ஆகும். இவை பாறையிலிருந்து உடைந்து நேராக இங்கே வந்தவை. ஒருசில அடி தூரமே பயணம் செய்திருக்கும். பழைய சொற்களில் 'பரல்' என்றும் 'முரம்பு' என்றும் இருப்பவை இவற்றுக்குப் பக்கத்தில் வரும். படிவமோ அளவைத்தான் பார்க்கிறது: 2 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் நுண்மண், அதற்கு மேலே 75 வரை சரளை, 250 வரை நடுத்தரக் கல், 600 வரை பெரிய கல், அதற்கு மேல் பாறாங்கல். ஆய்வுக்கூடத்தில் 'மண்' என்று அளப்பதெல்லாம் அந்த 2 மில்லிமீட்டருக்கு உட்பட்டதை மட்டும்தான். சல்லடையில் தங்கியவை கணக்கில் மண்ணே இல்லை.

ஈரமண் 2 மில்லிமீட்டர் சல்லடையில் இறங்காது, பிசைந்துகொண்டு அடைத்துவிடும். அதனால் பெருங்கண் சல்லடையில் சலித்து, இறங்கியதிலிருந்து ஒரு பங்கைப் பையில் கட்டிக்கொண்டோம். நான் இரண்டு மில்லிமீட்டர்ச் சல்லடையில் முயன்று அரை மணி நேரம் வீணடித்த பிறகுதான் அக்கா இதைச் சொன்னார். வேண்டுமென்றே என்று நினைக்கிறேன்.

மாலைக் கணக்கு: கல் 160 கிலோ. ஈரத்தோடு நுண்மண் 70 கிலோ. காய்ந்தால் 55 வரும் என்பது அக்காவின் கைமதிப்பு. "அப்போ முக்கால்வாசி கல்" என்றேன்.

"எடையில முக்கால். இடத்துல?"

கல்லின் அடர்த்தி லிட்டருக்கு ஏறக்குறைய 2.65 கிலோ. 160 கிலோ கல் 60 லிட்டர் இடத்தைத்தான் அடைக்கும். 125இல் 60 என்பது பாதிக்கும் சற்றுக் குறைவு. மீதி 65 லிட்டரில் காய்ந்த மண் 55 கிலோ, அதாவது லிட்டருக்கு 850 கிராம். தண்ணீரைவிட லேசான மண்! மக்கிய சருகும் காற்றும் புழுவழியும் நிறைந்திருப்பதால் இந்தப் பொசபொசப்பு. வெறும் கல்மேடு என்று காலையில் நான் திட்டிய இடத்தில், கல்லுக்கு நடுவே இருந்த மண் உழுத வயலைவிட இளகியது.

இங்கேதான் பலரும் தவறு செய்கிறார்களாம். காட்டு மண்ணில் கரிமம் (கார்பன்) எவ்வளவு இருக்கிறது என்று கேட்டால், நுண்மண்ணில் இத்தனை சதவீதம் என்று ஆய்வுக்கூடம் சொல்லும். அதை அப்படியே மொத்த ஆழத்துக்கும் பெருக்கினால் விடை ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும். பாதி இடம் கல். அந்தக் கல்லில் மக்கிய பொருள் கிடையாது. இன்னொரு பக்கம், விழும் இலை மொத்தமும் அந்தப் பாதி இடத்துக்குள் போய்ச் சேருவதால், கல்மண்ணின் நுண்மண்ணில் கரிமம் பெரும்பாலும் செறிவாகவே இருக்கும். குறைவும் மிகுதியும் ஒரே குழிக்குள்.

தண்ணீருக்கும் இதே கணக்குதான். நுண்மண் தன் கன அளவில் ஐந்தில் ஒரு பங்கு நீரை மரத்துக்காக வைத்திருக்கும் என்று கொண்டால், கல்லில்லாத 50 சென்டிமீட்டர் மண் 100 மில்லிமீட்டர் மழையைச் சேமிக்கும். எங்கள் குழியில் பாதி கல் என்பதால் 52 மில்லிமீட்டர்தான். இவ்வளவு பெரிய மரங்கள் இதை வைத்துக்கொண்டா கோடையைத் தாண்டுகின்றன? கேட்டேன். அக்கா குழியின் அடியைக் காட்டினார். 'ணங்' என்று சொல்ல வேண்டிய பாறை அங்கே வெடிப்போடியிருந்தது. நகத்தால் சுரண்டினால் மணலாக உதிர்ந்தது. அந்த வெடிப்புக்குள் பென்சில் கனத்தில் ஒரு வேர் தட்டையாக நசுங்கி இறங்கியிருந்தது. கலிபோர்னியாவின் ஈல் ஆற்றுப் பகுதியில் ஒரு சரிவைத் துளையிட்டுப் பார்த்த ரெம்பேயும் டீட்ரிக்கும், ஆண்டு மழையில் 27 சதவீதம் வரை இப்படிச் சிதைந்த பாறைக்குள் சேமிக்கப்படுவதாக 2018இல் எழுதினார்கள். மரம் அதைக் குடிக்கிறது.

"அப்போ ஆழத்துக்கு 50னு எழுதட்டுமா?"

"வேர் எங்க நிக்குதுன்னு பாத்தியா?"

பார்க்கவில்லை. பார்க்கவும் முடியாது. கட்டம் இன்றும் காலி.

மூன்றாம் நாள்

விடியும்போதே மழை. நல்ல கனமழை. ஒதுங்கி நிற்கலாம் என்றேன். அக்கா மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு குழிக்குக் கிளம்பிவிட்டார்.

வழிநெடுக ஒன்றைக் கவனித்தேன். இவ்வளவு செங்குத்தில், இவ்வளவு மழையில், காட்டுத்தரையின் மேல் தண்ணீர் ஓடவே இல்லை. சருகு குடித்துக்கொண்டே இருந்தது. மண் உறிஞ்சும் வேகத்தை மழை மிஞ்சினால் தரைமேல் நீரோட்டம் பிறக்கும் என்று நீரியலாளர் ராபர்ட் ஹார்ட்டன் 1933இல் விளக்கியது வெட்டவெளி நிலத்துக்கு நன்றாகப் பொருந்தும். பொசபொசத்த காட்டுமண்ணை மழை அவ்வளவு எளிதில் மிஞ்சுவதில்லை. அப்படியென்றால் ஓடை எங்கிருந்து வீங்குகிறது?

குழியில் விடை கிடைத்தது. முதல் ஒரு மணி நேரம் சுவர்கள் நனைந்து கறுத்தன, அவ்வளவே. பிறகு மேல்சுவரில், முழங்காலுக்கும் கீழே, உக்கிப்போன வேர் விட்டுச்சென்ற ஒரு துளையிலிருந்து தண்ணீர் கொட்ட ஆரம்பித்தது. சுண்டுவிரல் கனம், குழாயைத் திறந்தாற்போல. கொஞ்ச நேரத்தில் மண்ணும் சிதைந்த பாறையும் சேரும் கோடு நெடுக ஊற்று. மழை நேராக இறங்கி, பாறையில் முட்டி, கல்லிடுக்கு வழியே சரிவோடு சாய்ந்து ஓடுகிறது. அமெரிக்காவில் 1934இல் தொடங்கிய கோவீட்டா ஆய்வுக்காட்டில் ஹியூலெட்டும் ஹிபெர்ட்டும் சரிவான தொட்டியில் மண்ணை நிரப்பி, நனைத்து மூடி, மழையே இல்லாமல் வாரக்கணக்கில் நீர் வடிவதைக் காட்டினார்கள். மழை விட்ட பிறகும் ஓடை ஓடுவதற்குச் சரிவு மண்ணே போதும் என்று அப்போது தெரிந்தது.

திரும்பும்போது ஒற்றையடிப் பாதையில் நேர்மாறான காட்சி. அங்கே சருகு இல்லை, கால்கள் மிதித்து மண் இறுகியிருக்கிறது. தண்ணீர் கணுக்கால் வரை, சிவந்து, ஓடியது. காட்டிலிருந்து வந்து கலந்த சிற்றோடை பளிங்குபோல் இருந்தது. கல் மண்ணைக் காக்கும் என்று ஒருவர் சொன்னால் எந்தக் கல் என்று கேட்க வேண்டும். மேலே தளர்வாகக் கிடக்கும் கல், மழைத்துளியின் அடியைத் தான் வாங்கிக்கொள்ளும். அதன் அடியில் நீர் இறங்கவும் வழி விடும். அதே கல் இறுகிய மண்ணில் பதிந்து கிடந்தால் கூரை ஓடு மாதிரி நீரைத் தள்ளிவிட்டு, பக்கத்து மண்ணை அரிக்க வைக்கும். இரண்டும் இருபது அடி இடைவெளியில் இருந்தன.

மழையில் ஒரு கல்லைப் புரட்டினேன். அடிப்பக்கம் முழுக்கச் சல்லிவேர், வலை பின்னியதுபோல் கல்லை அணைத்துக்கொண்டு. கல் தன்மேல் விழும் நீரை ஓரமாக வழியவிடுகிறது, வேர் அந்த ஓரத்துக்கு வருகிறது. ஒரு பூரானும் இருந்தது. "திரும்ப வைங்க தம்பி, அது வீடு" என்றார் அண்ணன். வைத்தேன், சற்று அவசரமாக.

நான்காம் நாள்

வெயில். கருவிகளைக் குழியருகே விட்டுவிட்டு மேலே ஏறினோம்.

பாதி வழியில் வேரோடு சாய்ந்த ஒரு மரம். வேர்த்தட்டு என்னைவிட இரண்டு மடங்கு உயரத்துக்கு நிமிர்ந்து நின்றது, இடுக்குகளில் கற்களைப் பற்றிக்கொண்டு. சில கற்கள் புத்தம்புதிய உடைவு. பாறை வெடிப்பிலிருந்து வேர் பிடுங்கி எடுத்தவை. மண்ணைப் பிளந்து கல்லை மேலே கொண்டுவருவதற்கு இந்தச் சரிவில் கலப்பை இதுதான். வேர் உக்கும்போது நுண்மண் முதலில் மழையோடு கழுவிப்போகும், கல் தங்கும். கல்தொப்பி போட்ட ஒரு மேடும் பக்கத்தில் ஒரு பள்ளமும் மிஞ்சும். மரம் இருந்த சுவடே இல்லாத பழைய மேடு பள்ளங்கள் சுற்றிலும் நிறைய. நூற்றாண்டுகள் நிலைப்பவை அவை. மண் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கீழ்ப்பக்கமாகத்தான் விழுகிறது. சார்லஸ் டார்வின் 1881இல் மண்புழு எச்சம் சரிவில் இறங்குவதைக் கணக்கிட்டார். அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், வளை தோண்டும் விலங்குகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த மண் நின்றுகொண்டிருப்பதாகச் சொல்வது பேச்சுவழக்குதான்.

அடிமரம் வளைந்து நுனி நிமிர்ந்த மரங்களைக் காட்டி, மண் நகர்வதற்கு இது சாட்சியா என்றேன். படங்களில் அப்படித்தான் பார்த்திருக்கிறேன். அக்கா உதட்டைப் பிதுக்கினார். வெளிச்சம் தேடியும் மரம் வளையும், பனிச்சுமையிலும் வளையும். அதைவிட நம்பகமான சாட்சி மரத்தின் மேல்பக்கம் சேர்ந்திருக்கும் மண்ணும் கல்லும், கீழ்ப்பக்கம் வெறுமையான வேர்க்கழுத்தும். ஒவ்வொரு மரமும் ஒரு சிறு அணை.

முகட்டில் மண் ஒரு சாண்கூட இல்லை. கம்பி எங்கே இறக்கினாலும் ணங். மேலிருந்து வந்து சேர எதுவும் இல்லாத இடம், இழப்பு மட்டும்தான். இங்கே மண் உண்டாவதும் வேகமாக இருக்குமாம். மண் போர்வை கனத்தால் அடியில் பாறை உடைவது மெதுவாகும், மெலிந்தால் வேகமாகும் என்பது நிலவியலாளர் கில்பர்ட் 1877இலேயே ஊகித்தது. ஹைம்சாத் என்ற ஆய்வாளரும் உடனிருந்தவர்களும் 1997இல் கலிபோர்னியச் சரிவொன்றில் அதை அளந்து காட்டினார்கள். வேகம் என்றால் ஆயிரம் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர். என் ஒரு நாள் குழிக்கு எத்தனை ஆயிரம் ஆண்டு என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

மெல்லிய மண் மட்டுமே உள்ள நிலங்களுக்கு உலக மண் வகைப்பாட்டில் லெப்டோசால் என்று பெயர். மெலிந்தது என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. 25 சென்டிமீட்டருக்குள் தொடர்பாறை இருந்தால் இந்த வகை. நுண்மண் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லாத கல்மண்ணும் இதில் சேரும். மூலையில் கிடக்கும் விசித்திரம் என்று நினைத்தேன். உலகத்து மண்வகைகளில் மிக அதிகப் பரப்பு இதற்குத்தான், 160 கோடி ஹெக்டேருக்கும் மேல். எங்கள் குழி அதில் சேராது. அது கேம்பிசால் என்ற இளம் மண்வகையாம், 'கல் நாற்பது சதவீதத்துக்கு மேல்' என்ற அடைமொழியோடு.

முகட்டிலிருந்து பார்த்தபோது எதிர்ச்சரிவில் ஒரு தழும்பு. காடு கிழிந்து, பாறை பளபளத்தது. சுற்றிக்கொண்டு போய்ச் சேரப் பகல் ஆயிற்று. இரண்டு மலைமுதுகுகளுக்கு நடுவே உள்ளங்கை குழிந்தாற்போல் ஒரு மடிப்பு, அதில்தான் சரிந்திருக்கிறது. தழும்பின் விளிம்பில் மண் என் மார்பு உயரம். முகட்டில் ஒரு சாண், இங்கே மார்பளவு. ஆழமான மண் பத்திரமான மண் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

"சேந்துக்கிட்டே இருக்கும். ஒருநாள் மொத்தமா கொடுத்துடும்" என்றார் அண்ணன். மடிப்புக்குள் இருபுறமிருந்தும் கல்லும் மண்ணும் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் இறங்கி நிரம்புகின்றன. நேற்றுக் குழியில் பார்த்த அந்த அடிநீரும் இங்கேதான் கூடுகிறது. கனம் ஏறுகிறது, வேர் பாறைவரை எட்டாமல் போகிறது, நீர் அழுத்தம் கற்களை ஒன்றையொன்று அழுத்தவிடாமல் தூக்கிக்கொடுக்கிறது. உராய்வு போயிற்று. தழும்பின் மேல்விளிம்பில் அறுந்த வேர்கள் கயிறு நுனிபோல் தொங்கின. மரம் வெட்டப்பட்ட சரிவுகளில் முதல் சில ஆண்டுகளைவிட அதற்குப் பிந்தைய ஆண்டுகள் ஆபத்தானவை என்று அக்கா சொன்னதன் பொருள் அங்கே நின்றபோது புரிந்தது. பழைய வேர் உக்கியிருக்கும், புது வேர் இன்னும் கட்டியிருக்காது. வெட்டியது எல்லோருக்கும் மறந்தும் போயிருக்கும்.

நெடுநேரம் நிற்கவில்லை. விளிம்பில் புது வெடிப்பு ஒன்று ஓடுவதைப் பார்த்துவிட்டு அண்ணன் எங்களை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

ஐந்தாம் நாள்

காலையில் குழியை மூடினோம். பெரிய கல் அடியில், பழுப்பு மண், கறுப்பு மண், கடைசியில் தனியே எடுத்து வைத்திருந்த சருகு. கல்லைக் கோத்து வைக்காமல் கொட்டினால் அடுத்த மழைக்கே அந்த இடம் இறங்கும் என்று ஒவ்வொன்றாக முனை பார்த்து இறுக்கினார் அக்கா. தோண்ட ஒரு நாள், மூட அரை நாள். 125 லிட்டரிலிருந்து எடுத்தது 125 லிட்டருக்குள் திரும்பப் போகவில்லை. ஒரு வாளிக் கல் மிஞ்சி நின்றது. அதைக் கீழ்ப்பக்கத்து மரத்துக்கு மேலே சாய்த்து வைத்தோம்.

படிவம் என் பையில். ஆழம் இன்னும் காலி. கம்பி சொன்ன 8 முதல் 45 வரை எதை எழுதினாலும் பொய். குழியின் 50ஐ எழுதலாம் என்றால், செங்குத்தாக அளந்த 50 அது. சரிவுக்குச் செங்கோணமாக அளந்தால் 41தான். இரண்டில் எது என்று படிவம் கேட்கவில்லை. அந்த 41க்குக் கீழும் வேர் போகிறது, தண்ணீர் இருக்கிறது.

அக்காவிடம் நீட்டினேன். அவர் பென்சிலை வாங்கி, சின்னக் கட்டத்துக்குள் அடங்காமல் ஓரத்தில் ஏறும்படி எழுதினார்: "50 வரை தோண்டியது, செங்குத்தாக. கீழே சிதைந்த பாறை. வேர் தொடர்கிறது."

பிறகு மாதிரிப் பைகளை என் தோளில் ஏற்றினார். இறக்கத்தில் இரண்டு முறைதான் விழுந்தேன்.